9 மீட்டர் ரோடு இருந்தா என்ன வேணா கட்டலாமா?

அளவுநாடா (காலை 6:50)

சென்னைக்கு வரப்போற மூணாவது மாஸ்டர் பிளான் பத்தி நேத்து அடுக்குமாடி இழையில பில்லர்_பீம் எழுதினதை ஒரு எழுத்து மாத்தாம போடுறேன்: "மூணாவது மாஸ்டர் பிளான்ல குடியிருப்பு, கலப்பு, வணிகம்னு கலர் கலரா பிரிக்கிறதையே விட்டுடணும். சாலை அகலத்தை வச்சு ஒரே ஒரு அட்டவணை போதும். 9 மீட்டர் ரோடு இருந்தா என்ன வேணா கட்டலாம்."

படிச்சதுல இருந்து மனசு ஆறலை. தம்பி, 9 மீட்டரை யார் அளந்தாங்க, எங்க அளந்தாங்க?

சென்னையில பழைய மனைப்பிரிவு எல்லாம் அடிக்கணக்கு. 20 அடி, 30 அடி, 40 அடி. 30 அடின்னா 9.14 மீட்டர். அதாவது உங்க 9 மீட்டருக்கு மேல கையில இருக்கிறது வெறும் 14 சென்டிமீட்டர். ஒன்பது அங்குல காம்பவுண்டு சுவர் 23 சென்டிமீட்டர். தெருவுல ஒரே ஒருத்தர் பழைய சுவரை இடிச்சுட்டு புதுச் சுவரை எல்லைக்கு வெளிய எழுப்பினா போதும், 9.14 போய் 8.91. காகிதத்துல 30 அடி ரோடு, மண்ணுல 9 மீட்டர் இல்லை. இதுமேல ஒரு நகரத்தோட மொத்த விதியையும் நிறுத்தப் போறீங்களா?

பில்லர்_பீம் (காலை 7:35)

வந்துட்டார் நாடாவைத் தூக்கிக்கிட்டு. சார், 9 மீட்டரை நான் கண்டுபிடிக்கலை. 2019 ஒருங்கிணைந்த விதியிலயே இருக்கு. 9 மீட்டர்ல இருந்து 12க்குள்ள ரோடு இருந்தா பிரீமியம் எஃப்.எஸ்.ஐ., அதாவது காசு கட்டிக் கூடுதலா வாங்குற கட்டடப் பரப்பு, 30 சதவீதம், 12ல இருந்து 18க்குள்ள 40, 18ம் அதுக்கு மேலயும் 50. அரசாங்கமே சாலை அகலத்தை நம்பித்தான் காசு வாங்குது. நீங்க மட்டும் நம்ப மாட்டேங்கிறீங்க.

கலர் மேப்போட லட்சணத்தையும் பேசுவோம். முதல் மாஸ்டர் பிளான் 1976ல அரசாணை ஆச்சு, ரெண்டாவது 2008ல. 2008 மேப்புல குடியிருப்புன்னு மஞ்சள் அடிச்ச தெருவுல இன்னைக்கு கிளினிக், டியூஷன் சென்டர், பி.ஜி. விடுதி, கிளவுட் கிச்சன் எல்லாம் ஓடுது. மேப்பு சொல்றது ஒண்ணு, தெரு சொல்றது வேற. அந்த மேப்பை வச்சுக்கிட்டு யாரை ஏமாத்துறோம்? ரோடு அகலம் மட்டும்தான் கண்ணால பார்க்கக்கூடிய உண்மை.

30 அடி ரோடுன்னா 9.14. கணக்கு முடிஞ்சுது.

கோப்புக்கட்டு (காலை 8:10)

இருவருமே அடிப்படையைக் குழப்புகிறீர்கள். 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் செய்தது, ஊருக்கு ஒன்றாகக் கிடந்த விதிப் புத்தகங்களை ஒன்றாக்கியது. மாநகராட்சிக்குத் தனி, நகராட்சிக்குத் தனி, ஊராட்சிக்குத் தனி, அடுக்குமாடிக்குத் தனி என்றிருந்த நிலை அதோடு போயிற்று. ஆனால் எந்தச் சர்வே எண் எந்த மண்டலம் என்று சொல்வது இன்றும் 2008 முழுமைத் திட்டத்தின் வரைபடமே. விதி புதிது, வரைபடம் பழையது.

ஒரு மனையின் வகைப்பாட்டை மாற்ற 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32(4) பிரிவுக்குப் போக வேண்டும். விண்ணப்பம், பட்டா, நில அளவை வரைபடம், நாளிதழ் விளம்பரம், ஆட்சேபணை, தொழில்நுட்பக் குழு, பெருநகர் வளர்ச்சிக் குழுமக் கூட்டம், அரசிதழ். ஒரே தெருவில் பத்து மனைக்காரர்கள் இருந்தால் பத்து கோப்புகள். தெருவின் தன்மை மாறிவிட்டது என்று தெருவுக்கே ஒரு கோப்பு போட வழி வேண்டும். விவாதிக்க வேண்டியது அது. 14 சென்டிமீட்டர் அல்ல.

அளவுநாடா (காலை 8:31)

கோப்பு ஐயா, உங்க அரசிதழ்ப் பாடம் அருமை. ஆனா 14 சென்டிமீட்டரை அவ்வளவு லேசாத் தள்ளாதீங்க. அதுல என்ன தொங்குதுன்னு கணக்குப் போட்டுக் காட்டுறேன்.

ரெண்டு கிரவுண்டு மனை, 4800 சதுர அடி. எஃப்.எஸ்.ஐ. 2, அதாவது மனையைப் போல ரெண்டு மடங்கு கட்டலாம்னு போட்டா 9600. ரோடு 9 மீட்டர்னு எழுதிட்டா பிரீமியம் 30 சதவீதம், இன்னொரு 2880. மொத்தம் 12,480 சதுர அடி. ரோடு 8.91னு எழுதினா அந்த 2880 கிடையாது. 18.30 மீட்டர் உயரத்துக்குப் போறதும் கிடையாது, ஸ்டில்ட்டும் (கீழ தூண் மட்டும் விட்டு கார் நிறுத்துற தளம்) அஞ்சு மாடியும் கனவு. மூணு ஃபிளாட்டோட விலை அந்த ஒரு எழுத்துல இருக்கு. அப்போ அளக்கிறவன் கை எந்தப் பக்கம் சாயும்?

நாடாவைச் சாய்ச்சுப் பிடிக்கிறது எப்படின்னும் சொல்லிடுறேன். 8.70 மீட்டர் தெருவுல நாடாவை நேர்குறுக்கா பிடிக்காம 15 டிகிரி சாய்ச்சுப் பிடிச்சா 9.00 காட்டும். போட்டோவுல பார்த்தா ஒருத்தருக்கும் தெரியாது. தெரு வளைவுல பிடிச்சா இன்னும் சுலபம். எந்த விதிப் புத்தகமும் இதைப் பத்திப் பேசலை.

புதுசு_கேள்வி (காலை 8:44)

ஒரு சின்ன சந்தேகம். சாலை அகலம்னா சுவருக்குச் சுவரா, தார் போட்ட இடம் மட்டுமா, இல்ல ஆவணத்துல இருக்கிறதா? அதை முதல்ல முடிவு பண்ணிட்டுப் பேசலாமே.

பில்லர்_பீம் (காலை 8:50)

அளவுநாடா சார் எல்லாரும் திருடன்னு முடிவு பண்ணிட்டார். போன வருஷம் பக்கவாட்டு இடைவெளி பத்தின இழையிலயும் இதே பாட்டுதான். அன்னைக்கும் பதில் சொல்ல முடியாம இழையைப் பூட்ட வச்சீங்க.

நான் கேக்கிறது ஒண்ணுதான். 9 மீட்டர் வேண்டாம்னா எத்தனை மீட்டர்? 12 வைக்கலாமா? 12ன்னா 40 அடி ரோடு. 30 அடி ரோட்டுல இருக்கிற மனை எல்லாம் செத்துப் போகணுமா? ஊர் நடுவுல மாடி ஏற விடலைன்னா வாங்க வர்றவன் தாம்பரம் தாண்டி, ஏரிப் பக்கம்தான் போவான். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் அப்படித்தான் சுருங்குச்சு. 2022ல ராம்சார்ங்கிற உலக ஈரநிலப் பட்டியல்ல சேர்த்தோம்னு பெருமைப்படுறோம், அதுக்குள்ள எவ்வளவு சதுப்பு போயிடுச்சு! உள்ள அடர்த்தியை மறுக்கிறவன்தான் வெளிய ஏரியை அழிக்கிறான்.

மேற்குமாம்பலம் (காலை 9:15)

அடடா, ஏரியைக் காப்பாத்த ஸ்டில்ட் பிளஸ் அஞ்சு கட்டறாராம். ரொம்ப நன்றி.

9 மீட்டர் தெருவுல என்ன மிச்சம்னு கூட்டிப் பார்த்தீங்களா? மழைநீர் வடிகால் மூடியும் நடைபாதையும் ஒரு பக்கம் 1.2 மீட்டர், ரெண்டு பக்கமும் 2.4. மிச்சம் 6.6. ரெண்டு ஓரத்துலயும் கார் நிக்குது, ஒரு கார் 1.8. மிச்சம் 3 மீட்டர். தீயணைப்பு வண்டி அகலம் கிட்டத்தட்ட 2.5. அந்தப் பக்கம் கால் மீட்டர், இந்தப் பக்கம் கால் மீட்டர். நடுவுல மின்வாரியப் பில்லர் பெட்டி ஒண்ணு இருந்தா அதுவும் இல்லை. இதுல ஒவ்வொரு வாசல்லயும் கார் ஏத்த சிமெண்ட்டுல சரிவு போட்டு தெருவுக்குள்ள ரெண்டு அடி நீட்டி வச்சிருக்காங்க.

18.30 மீட்டர் கட்டடம் உயரக் கட்டடம் இல்லைன்னு விதி சொல்லுது. அஞ்சாவது மாடியில தீப்பிடிச்சா விதிப் புத்தகத்தை விரிச்சா அணைப்பீங்க?

பில்லர்_பீம் (காலை 9:22)

ரோட்டுல கார் நிறுத்துறது போலீஸ் பிரச்சினை. கட்டட விதிப் பிரச்சினை இல்லை.

மேற்குமாம்பலம் (காலை 9:24)

உங்க கட்டடத்துல இடம் இல்லாமத்தான ரோட்டுக்கு வருது!

அளவுநாடா (காலை 9:40)

அம்மா சொல்றது சரி, அதையும் கணக்காவே காட்டுறேன். மேல சொன்ன 12,480 சதுர அடியை அஞ்சு மாடிக்குப் பிரிச்சா மாடிக்கு 2496 சதுர அடி, அதாவது 232 சதுர மீட்டர். கீழ ஸ்டில்ட்டும் அவ்வளவுதான். ஆயிரம் சதுர அடி ஃபிளாட்டுன்னா 12 வீடு, 12 கார். ஒரு கார் நிக்க 2.5க்கு 5 மீட்டர், 12.5 சதுர மீட்டர். பன்னிரண்டுக்கு 150. மிச்சம் 82 சதுர மீட்டர்ல படிக்கட்டு, லிஃப்ட், மீட்டர் பெட்டி அறை, தூண்கள், வண்டி உள்ள வந்து திரும்புற வழி. வரைபடத்துல 12 கட்டம் போட்டுடலாம். கட்டி முடிச்சா மூலைக் கட்டத்துல தூண் இடிக்கும், கதவு திறக்காது, நாலு கார் தெருவுக்கு வந்துடும். ரெண்டாவது கார் வாங்கினவங்க கணக்கு இதுல சேராது.

இதெல்லாம் நடக்கிறது ரோடு நிஜமா 9 மீட்டர் இருந்தா. இல்லைன்னா அந்த 3 மீட்டர் 2.9, 2.8னு சுருங்கும். அதனாலதான் திரும்பத் திரும்பக் கேக்கிறேன். 9 மீட்டரை யார் அளந்தது?

குழாயடி (காலை 10:05)

மேல 9 மீட்டர் இருக்கட்டும். கீழ என்ன இருக்கு?

தலைக்கு 135 லிட்டர் தண்ணி, மத்திய அரசு கையேட்டுக் கணக்கு. அதுல 80 சதவீதம் கழிவுநீரா வரும். ரெண்டு கிரவுண்டுல முன்னாடி ரெண்டு வீடு, பத்துப் பேர், நாளுக்கு 1080 லிட்டர். இப்போ 12 வீடு, வீட்டுக்கு நாலு பேர், 5184 லிட்டர். அஞ்சு மடங்குக்குக் கொஞ்சம் கம்மி. தெருவுல இப்படி இருபது மனை மாறினா 21,600 லிட்டர் ஓடின குழாயில ஒரு லட்சத்துக்கு மேல. அதுவும் சீரா வராது. காலையில ஆறுல இருந்து ஒன்பதுக்குள்ள மொத்தமா வரும்.

பழைய தெருவுல கிடக்கிறது 150 மில்லிமீட்டர் ஸ்டோன்வேர் குழாய். மூட்டுல வேர் புகுந்திருக்கும், சரிவு குலைஞ்சிருக்கும். முதல்ல பொங்குறது மாடியில இல்லை. அதே தெருவுல தரைத்தளத்துல இருக்கிற பழைய வீட்டுக் கழிவறையில. அட்டவணை போடுறதுன்னா ரோடு அகலத்துக்குப் பக்கத்துல குழாய் விட்டம்னு இன்னொரு பத்தி சேருங்க.

பில்லர்_பீம் (காலை 10:12)

குழாய் மாத்தத்தான் மேம்பாட்டுக் கட்டணம் வாங்குறாங்க. கட்டினவன் காசு கொடுத்தாச்சு. குழாய் மாத்தாதது யார் தப்பு?

குழாயடி (காலை 10:15)

பொங்குறப்போ தப்பு யாருதுன்னு கழிவுநீர் விசாரிச்சுக்கிட்டு வராது.

ஜார்ஜ்டவுன் (காலை 10:50)

தென்சென்னைக்காரங்க பேசி முடிச்சுட்டீங்களா? எங்க பக்கம் ஒரு தெரு 9 மீட்டர் தேறாது. சுவரோடு சுவர் ஒட்டின தொடர் கட்டடப் பகுதி. கீழ கடை, மேல கிடங்கு, அதுக்கு மேல வீடு. நூறு வருஷத்துக்கு மேல கலப்பாத்தான் இருக்கு. "9 மீட்டர் இருந்தா என்ன வேணா கட்டலாம்"னா, 9 மீட்டர் இல்லாதவன் இருக்கிறதையும் இழக்கணுமா? பாத்திரக்கடை மொத்த வியாபாரியை 40 அடி ரோட்டுக்குத் துரத்துவீங்களா?

இந்த மாதிரி அட்டவணை போடுறவங்க எல்லாரும் மனசுல அண்ணா நகரை வச்சுக்கிட்டே போடுறாங்க.

பில்லர்_பீம் (காலை 11:02)

அண்ணா நகர் என்ன தப்பு? வீட்டு வசதி வாரியம் ஒழுங்கா திட்டம் போட்டு, அகலமா ரோடு விட்டுக் கட்டின ஊர். அதைப் பார்த்துக் கத்துக்கணும்.

ஜார்ஜ்டவுன் (காலை 11:06)

அண்ணா நகர் மெயின் ரோட்டுல வீடா இருந்ததெல்லாம் இப்போ நகைக்கடையும் ஓட்டலும். உங்க ஒழுங்கான திட்டம் அங்க நிக்கலையே. பேரைச் சொல்லிப் பெருமை அடிக்காதீங்க.

பில்லர்_பீம் (காலை 11:20)

அதைத்தான் சார் நானும் சொல்றேன்! திட்டம் நிக்காது. ரோடுதான் நிக்கும். அகலமான ரோட்டுக்கு வியாபாரம் தானா வரும். அதை ஒத்துக்கிட்டு விதி எழுதுங்க.

உலகத்தைப் பாருங்க. ஜப்பான்ல நாடு முழுக்க 13 மண்டலம்தான், ஊருக்கு ஊர் தனி விதி எழுதுறது இல்லை. குடியிருப்புல கூட சின்னக் கடை வைக்கலாம். அங்கயும் 12 மீட்டருக்குக் குறைஞ்ச ரோடுன்னா அகலத்தை 0.4ஆல பெருக்கு, அதுதான் குடியிருப்புப் பகுதியில எஃப்.எஸ்.ஐ. உச்சம். 9 மீட்டர் ரோட்டுக்கு 3.6. நம்ம ஊர்ல 2.6 கொடுக்கவே இவ்வளவு ஒப்பாரி. ஹைதராபாத்துல 2006ல இருந்து எஃப்.எஸ்.ஐ. உச்சவரம்பே இல்லை. ரோடு அகலம், இடைவெளி, உயரம், அவ்வளவுதான். அங்க நகரம் மூழ்கிப் போயிடுச்சா?

அளவுநாடா (காலை 11:48)

ஜப்பானைப் பாதி சொல்லிட்டு மீதியை முழுங்கிட்டீங்க தம்பி. அந்த 0.4 பெருக்கல் ஒரு உச்சவரம்பு. மண்டலத்துக்குன்னு தனியா ஒரு அளவு இருக்கு, ரெண்டுல எது குறைவோ அதுதான் செல்லும். அதாவது அவங்க மண்டலத்தைத் தூக்கலை, ரோட்டை அதுமேல கூடுதலா வச்சாங்க. நீங்க சொல்றதுக்கு நேர் எதிர்.

ரெண்டாவது, அங்க 4 மீட்டருக்குக் குறைஞ்ச தெருன்னா மையக்கோட்டுல இருந்து 2 மீட்டர் பின்வாங்கித்தான் புதுசா கட்ட முடியும். தெரு தானா அகலமாகும். மூணாவது, 1962லயே சட்டம் போட்டு, காரை நிறுத்த இடம் இருக்குன்னு சான்று காட்டினாத்தான் கார் பதிவுன்னு ஆக்கிட்டாங்க. அந்தச் சட்டத்தை இங்க கொண்டு வாங்க, உங்க 9 மீட்டர் பத்திப் பேசலாம்.

நான் மண்டல மேப்புக்கு வக்கீல் இல்லை. 2008 மேப்பு காலாவதி, அதுல சண்டையே கிடையாது. சென்னைப் பெருநகரத் திட்டப் பரப்பை 2022லயே அரசாணை போட்டு 1189 சதுர கிலோமீட்டர்ல இருந்து 5904 ஆக்கியாச்சு. காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கம் ஊராட்சித் தெரு எல்லாம் உள்ள வருது. அங்க வண்டிப்பாதையையே ரோடுன்னு எழுதிடுவாங்க. அதனாலதான் வரிசை முக்கியம்னு கத்துறேன்.

முதல்ல தெருப் பதிவேடு. ஒவ்வொரு தெருவையும் டோட்டல் ஸ்டேஷன்ங்கிற சர்வே கருவி வச்சு, சுவர் முகத்துல இருந்து எதிர்ச்சுவர் முகத்துக்கு நேர்குறுக்கா அளக்கணும். 30 மீட்டருக்கு ஒரு அளவு, வளைவுலயும் சந்துமுனையிலயும் தனி அளவு. சராசரி எழுதக் கூடாது, குறைஞ்ச அளவைத்தான் எழுதணும், ஏன்னா தீயணைப்பு வண்டி சராசரியில போறதில்லை. உயரக் கட்டடத்துக்கு அந்த அகலம் 500 மீட்டர் நீளத்துக்கு இருக்கணும்னு விதியில சொல்லியிருக்கு இல்ல, அதே கறாரு இந்த 9 மீட்டர் தெருவுக்கும் வேணும். மனைக்கு முன்னாடி மட்டும் 9 இருந்து, தெருமுனையில கோயில் மதில் குறுக்க வந்து 6 ஆச்சுன்னா அது 6 மீட்டர் ரோடுதான். அளந்ததை டவுன் சர்வே வரைபடத்து மேல வச்சுப் பார்த்து, யார் எவ்வளவு வெளிய வந்திருக்காங்கன்னு சிவப்புல குறிக்கணும். பொதுவுல வைக்கணும். மனைக்கு மனை தனி நாடா பிடிக்கிற பழக்கம் அன்னைக்கே நிக்கணும்.

அதுக்கப்புறம் பயன்பாட்டுப் பட்டியல். பேர் சொல்லி எழுதுற முறையை விடணும். கிளவுட் கிச்சனை எந்தப் பேர்ல போடுவீங்க, ஓட்டலா, வீடா, தொழிற்சாலையா? சாப்பிட ஆள் வராது, ஆனா புகைபோக்கி, நாலு வணிக சிலிண்டர், வாசல்ல முப்பது டூவீலர், ராத்திரி ஒரு மணி வரைக்கும். அதனால சத்தம், புகை, எத்தனை வண்டி, எத்தனை மணி வரைக்கும்னு விளைவை வச்சுத்தான் தரம் பிரிக்கணும். இது ரெண்டும் முடிஞ்சப்புறம்தான் அட்டவணை. நீங்க கூரையில இருந்து அஸ்திவாரத்துக்கு வர்றீங்க.

கோப்புக்கட்டு (மதியம் 12:20)

"பயன்பாட்டுப் பட்டியல்", "எஃப்.எஸ்.ஐ." என்றெல்லாம் கலந்து எழுதுகிறீர்கள். தளப்பரப்புக் குறியீடு என்ற அழகான சொல் இருக்கிறது. விதியைத் தமிழில் சரியாக எழுதாத வரை விவாதமும் சரியாக இருக்காது.

ஜார்ஜ்டவுன் (மதியம் 12:24)

கட்டட மேஸ்திரியில இருந்து வங்கி மேலாளர் வரைக்கும் எஃப்.எஸ்.ஐ.ன்னுதான் சொல்றாங்க. தளப்பரப்புக் குறியீடுன்னு சொன்னா மனு எழுதித் தர்றவரே திரும்பிப் பார்ப்பார்.

கோப்புக்கட்டு (மதியம் 12:31)

அதுதான் நம் இழிநிலை. அரசாணைத் தமிழ் மக்களுக்குப் புரிந்தால்தான் ஆட்சேபணை மனு எழுத முடியும். திட்ட வரைவு வெளியாகும்போது எத்தனை பேர் சர்வே எண்ணைத் தேடிப் பார்க்கிறார்கள்? பார்த்தவருக்கும் "முதன்மைக் குடியிருப்பு", "கலப்புக் குடியிருப்பு" என்பதற்கு வேறுபாடு தெரியாது. ஆட்சேபணைக் காலம் முடிந்த பிறகு பக்கத்து மனையில் தூண் எழும்பும்போதுதான் ஓடி வருகிறார்கள்.

புதுசு_கேள்வி (மதியம் 12:40)

சாலை அகலம்னா எது வரைக்கும்னு இன்னும் யாரும் சொல்லலையே? அளவுநாடா ஐயா சுவருக்குச் சுவர்ங்கிறார். பில்லர்_பீம் ஆவணத்துல இருக்கிற 30 அடியைச் சொல்றார். மேற்குமாம்பலம் மேடம் வண்டி போற இடத்தைச் சொல்றாங்க. மூணும் வேற வேற 9 மீட்டர் இல்லையா?

மேற்குமாம்பலம் (மதியம் 12:46)

கோப்புக்கட்டு சார், "ஓடி வருகிறார்கள்"னு எங்களைக் குறை சொல்லாதீங்க. பகல் முழுக்க வேலைக்குப் போறவங்க குழும ஆபீஸ் இருக்கிற எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில வந்து மேப்பைப் பார்த்துக்கிட்டு நிக்கணுமா? தெருமுனையில ஒட்டுங்க. ரேஷன் கடையில ஒட்டுங்க.

கோப்புக்கட்டு (மதியம் 12:52)

இணையதளத்தில் சர்வே எண் போட்டால் வருகிறது. பார்க்க மனம் வேண்டும்.

மேற்குமாம்பலம் (மதியம் 12:55)

மண்டலம் பேர் வரும். அதுல என்னென்ன கட்டலாம், பக்கத்துல எவ்வளவு இடம் விடணும்னு வருமா? அதுக்கு வேற புத்தகத்தைத் திறக்கணும். நீங்கதான காலையில சொன்னீங்க, விதி வேற மேப்பு வேறன்னு!

பில்லர்_பீம் (மதியம் 1:10)

அளவுநாடா சார் டோட்டல் ஸ்டேஷன் வச்சு சென்னை முழுக்க அளந்து முடிக்கிறதுக்குள்ள நாலாவது மாஸ்டர் பிளான் வந்துடும். அதுவரைக்கும் யாரும் செங்கல் வைக்கக் கூடாதா? ரோடு குறைஞ்சா மனைக்காரன் முன்பக்கத்துல விட்டுக்கொடுத்து மாநகராட்சிக்கு தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கட்டும். ரோடு 9 ஆயிடும். பிரச்சினை தீர்ந்தது. 30 அடி ரோடு 30 அடி ரோடுதான். 9.14.

அளவுநாடா (மதியம் 1:34)

ஒருத்தர் மட்டும் ஒன்றரை அடி விட்டுக்கொடுத்தா அவர் வாசல்ல மட்டும் ரோடு வீங்கும். அந்த வீக்கத்துல மறுநாளே இளநீர் வண்டியும் ரெண்டு காரும் நிக்கும். தெரு அகலமாகாது. எழுதிக் கொடுத்த தானப் பத்திரத்துக்கு டவுன் சர்வேயில உட்பிரிவு போட்டு, சுவரை நிஜமாவே உள்ள தள்ளி, தார் போட்டு முடிச்சாத்தான் அது ரோடு. பத்திரம் பதிஞ்சு சுவர் அப்படியே நிக்கிற மனை எத்தனைன்னு தெருவுல நடந்து பார்த்தாத் தெரியும்.

9.14 9.14னு மந்திரம் சொல்லாதீங்க. இப்பவும் அதே கேள்வி. எந்தத் தெரு, எந்த இடத்துல நாடா பிடிச்சு 9.14? தெருமுனையிலயா, நடுவுலயா, மதில் குறுக்க வர்ற இடத்துலயா?

பில்லர்_பீம் (மதியம் 1:36)

லேஅவுட் வரைபடத்துல.

அளவுநாடா (மதியம் 1:37)

அப்போ வீட்டையும் வரைபடத்துலயே கட்டிக்கோங்க.

குழாயடி (மதியம் 1:50)

கழிவுநீரையும் அங்கேயே விட்டுடுங்க. குழாய் விட்டம் பத்தி இன்னும் ஒருத்தரும் வாயைத் திறக்கலை.

ஜார்ஜ்டவுன் (மதியம் 2:05)

எங்க தெரு 9 மீட்டர் இல்லைன்னா என்ன செய்யணும்னும் ஒருத்தரும் சொல்லலை.

பில்லர்_பீம் (மதியம் 2:11)

இருங்க, மறுபடியும் முதல்ல இருந்து வர்றேன். 30 அடி ரோடு...